முட்டை போடாத மீன் பிஸ்கட்

போன வாரம் கலா வீட்டுக்கு வந்தாள். ஈப்போவில் நான் வேலை பார்த்த ரொட்டிக் கூடத்தில், நான் நின்ற அதே மாவு மேசையில் இப்போது நிற்பவள். பழைய முதலாளியின் மகன்தான் இப்போது கூடத்தை நடத்துகிறார். கேஸ் அடுப்பு வந்துவிட்டது. சின்னச் சின்னப் புட்டிகளில் வாசனைச் சாறும் வந்துவிட்டது. சுவரில் பழைய தகரத் தட்டுகள் சில மஞ்சள் துணி கட்டித் தொங்குகின்றன அல்லவா, அவற்றைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று புது முதலாளி கேட்டாராம்.

"அது ஏண்ணே அங்க தொங்குது? புரட்டாசியில மட்டும்தான் எடுக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. ஏன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல லா."

நான் சொல்லத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவள் எழுந்துகொண்டாள்.

"அண்ணே, நீங்க வாய்க்குள்ளயே பேசுறீங்க. எனக்குப் பாதி கேக்கல. எழுதிக் கொடுத்துடுங்க, எல்லாரும் படிச்சுக்குறோம்."

அவள் சொன்னது சரிதான். சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. எழுதுவது அதைவிடச் சுலபம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனாலும் அங்கே கற்ற எழுத்து இன்னும் கையில் இருக்கிறது.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தேன். பள்ளியை விட்டதும் புகைக்கூடத்தில் சேர்ந்தேன். உறைந்த ரப்பர்ப் பாலை மெல்லிய தகடுகளாக அழுத்தி, மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகு எரித்துப் புகையில் உலர்த்தும் இடம் அது. சூடு கூடினால் தகட்டில் கொப்புளம் வரும். குறைந்தால் பூசணம் பிடிக்கும். உள்ளே கண்ணைத் திறக்க முடியாததால் மூக்கால்தான் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இப்படிப் பல வருடம் போனது. பிறகு ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்குப் புகைக்கூடம் தேவையில்லை. எழுபதுகளின் நடுவில் நானும் என் மனைவி சரோஜாவும் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் ஒரு வாடகை வீட்டில் குடியேறினோம். நெருப்புப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு இந்த ரொட்டிக் கூடத்துக்குப் போனேன்.

முதலாளி ஒரு ஹைனானியச் சீனர். அவரைத் தவுக்கே என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். முதலாளி என்பதற்கு இங்கே அதுதான் சொல். இளம் வயதில் அவர் சைக்கிளில் ரொட்டிக் கூடை கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக விற்றவர். அவர் போகும் நேரத்தில் ஆண்கள் வேலையில் இருப்பார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பெண்கள்தான் ரொட்டி வாங்குவார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதைக் கேட்டே அவர் தமிழ் கற்றார். அதனால் கூடத்தில் வேலை செய்த அத்தனை ஆண்களையும் அவர் 'வாடி', 'போடி' என்றுதான் அழைப்பார். மீசை வைத்தவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். யாரும் அவரைத் திருத்தவில்லை. அவர் வாயில் அது மரியாதைக் குறைவாகத் தோன்றியதே இல்லை.

தவுக்கேயின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அடுப்பிலிருந்து வந்த பிஸ்கட்டை ஆறவிட்டு ஒன்றை எடுத்துக் காதருகில் வைத்து உடைப்பார். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் வாயில் போடுவார். சத்தம் மந்தமாக இருந்தால் வாயிலேயே வைக்க மாட்டார். "பேசல டி" என்பார். அவ்வளவுதான், அந்தத் தட்டு முழுவதும் கோழிப் பண்ணைக்குப் போகும். "பேசுது" என்று சொன்னால் அது பாராட்டு. அதற்கு மேல் ஒரு சொல் அவரிடமிருந்து வந்ததை நான் கேட்டதில்லை.

என் வேலை நெருப்பு. அது ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுள்ள செங்கல் அடுப்பு. ரப்பர் மரக்கட்டைகளை அதற்குள்ளேயே போட்டு எரிப்போம். செங்கல் கருத்து, பிறகு அந்தக் கருப்பு எரிந்துபோய் வெளுக்கும். அப்போது தணலை வாரி வெளியே எடுத்துவிட்டு, நீண்ட கழியில் ஈரச் சாக்கைக் கட்டி அடுப்பின் தரையைத் துடைக்க வேண்டும். பிறகு ஒரு சிட்டிகை மாவைத் தரையில் தூவுவேன். போட்டவுடன் கருகினால் இன்னும் பொறுக்க வேண்டும். மெதுவாகத் தேன் நிறத்துக்கு வந்தால் ரொட்டியை உள்ளே தள்ளலாம். ரொட்டியும் பன்னும் வெந்து வெளியே வந்த பிறகு, அடுப்பு இறங்கும் சூட்டில் இருக்கும். மறுபடி தரையைத் துடைத்து மறுபடி மாவு தூவுவேன். இப்போது மாவு நிறம் மாறச் சோம்பல் படும். அதுதான் பிஸ்கட் சூடு. பிஸ்கட்டை ஏறும் சூட்டில் வைத்தால் ஓரம் கருகி நடு பச்சையாக நிற்கும். இறங்கும் சூட்டில் வைத்தால் அது உள்ளிருந்து உலரும், உடைத்தால் பேசும்.

அந்த நாளில் எங்கள் கூடத்தில் பிஸ்கட் என்றால் இரண்டே வகை. வெண்ணெய் பிஸ்கட், தேங்காய் பிஸ்கட். எனக்கு அது போதவில்லை. புகைக்கூடத்தில் வெறும் புகையை முகர்ந்தே பழகிய மூக்கு, மாவும் வெண்ணெயும் இருக்கும் இடத்துக்கு வந்தபோது சும்மா இருக்க மறுத்தது. வீட்டுக் கொல்லையில் ஒரு தகர டின்னைப் படுக்க வைத்து, அடியில் கரித்தணலும் மேலே தேங்காய் மட்டைத் தணலும் போட்டு நானே ஓர் அடுப்பு செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ஏதாவது சுடுவேன். பாண்டான் இலைச் சாறு விட்டுப் பார்த்தேன், பச்சையாக நன்றாக வந்தது. இஞ்சிச் சாறு விட்டேன், மாவு இளகிப் பரவி தோசை மாதிரி ஆனது. சுக்காக்கிப் போட்ட பிறகுதான் அடங்கியது. தென்னை வெல்லமான குலா மெலாக்காவைப் பாகு காய்ச்சி விட்டேன். வாசனை தெரு முனை வரை போனது, ஆனால் பிஸ்கட் மறுநாளே நமத்துவிட்டது. மிளகு, சீரகம், கறிவேப்பிலை போட்டு ஒரு உப்பு பிஸ்கட் செய்தேன்.

சரோஜா ஒன்றைக் கடித்துவிட்டுக் கேட்டாள்: "இது பிஸ்கட்டா, ரசமாங்க? சோறு போடவா?"

ஆனால் அவள் அன்று ஆறேழு தின்றாள். அந்த உப்பு பிஸ்கட்டைத் தவுக்கேயிடம் கொண்டுபோனேன். கொடுத்துவிட்டு மாவு மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். காதருகில் உடைத்தார். "பேசுது" என்றார். அதிலிருந்து பிஸ்கட் சூட்டில் ஒரு மூலைத் தட்டு என் சோதனைக்கு என்று ஆனது.

ஒரு முறை அது வம்பில் முடிந்தது. டுரியான் பருவம் முடியும் சமயம் பழத்தின் சதையைச் சுண்டக் காய்ச்சி மாவில் கலந்து மூலைத் தட்டில் வைத்தேன். பிஸ்கட் அருமையாக வந்தது. ஆனால் அடுப்புச் செங்கல் அந்த வாசனையைக் குடித்துவிட்டது. மறுநாள் சுட்ட ரொட்டி அத்தனையிலும் டுரியான். எங்கள் ரொட்டியை மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்பவர் இஸ்மாயில் பாய். பின்வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு என்னைத் தேடி வந்தார்.

"ஏன் தம்பி, ஒரு அம்மா என்னைக் கேக்குறாங்க, 'பாய், சீசன் முடிஞ்சிருச்சே, பழத்த எங்க ஒளிச்சு வச்சிருக்கே, எடு'ன்னு. ரொட்டிக் கூடையக் கவுத்துக் காட்டிட்டு வாரேன்!"

தவுக்கே திட்டவில்லை. வெறும் விறகை எரித்து அடுப்பைக் காயப் போடச் சொன்னார். "வாசனை வேலை செய்றவன் அடுப்புக்குக் கடன்காரன் டி" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு எந்தப் புது வாசனையையும் முதலில் வீட்டு டின்னில் சுடாமல் கூடத்து அடுப்பில் வைத்ததில்லை.

இனி மஞ்சள் துணிக்கு வருகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு இருமல் நிற்காமல் போனது. பத்து காஜா ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, புகைக்கூடத்துக் கதையையும் கேட்டுவிட்டு, "இனிமே புகை பக்கம் போகாதீங்க, வேற வேலை பாருங்க" என்றார். எனக்குத் தெரிந்தது நெருப்பு மட்டும். அதே நேரத்தில் தவுக்கேயின் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. மாவு மேசைக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. கமுந்திங்கில் ஒரு பேக்கர் இருக்கிறார், அவரைக் கூப்பிடப் போவதாகப் பேச்சு.

வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நானாகப் போய்க் கேட்டேன். மேசையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கேட்டேன்.

தவுக்கே மாவைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "தீபாவளிக்குப் புது பிஸ்கோத்து ஒன்னு செய் டி. தமிழன் கடையில அது போகணும். போனா மேசை உனக்கு. போகலன்னா கமுந்திங் ஆளு வரும். நீ நெருப்புல நிக்க முடியாது, நான் என்னா செய்றது?"

அவர் சொன்னதில் தவறில்லை. மேசை கிடைக்காவிட்டால் எனக்கு அந்தக் கூடத்தில் இடமில்லை. இருவருக்கும் அது தெளிவாகத் தெரிந்தது.

அப்போது புரட்டாசி பிறந்திருந்தது. இங்கே எங்கள் ஆட்கள் புரட்டாசி முழுவதும் பெருமாளுக்காகச் சைவம். மீன், இறைச்சி, முட்டை எதுவும் வீட்டுக்குள் வராது. நானும் அப்படித்தான். புது பிஸ்கட்டில் முட்டை போடாமல் செய்யலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கூடத்து பிஸ்கட் என்றால் முட்டை உண்டு, அப்படியே பழகிவிட்டது. தீபாவளி ஐப்பசியில்தானே, அதற்குள் விரதம் முடிந்துவிடும் என்ற நினைப்பும் இருந்தது. ஆகவே ஏலக்காய் போட்ட முட்டை பிஸ்கட் ஒன்றைத் தொடங்கினேன். பிசைந்தேன், சுட்டேன், முகர்ந்தேன். ருசி பார்க்க மட்டும் முடியவில்லை. சரோஜாவாலும் முடியாது. ஆகவே தவுக்கேயின் நாக்கைத்தான் நம்பினேன்.

"இது மருந்துக் கடை வாசனை டி. குறை."

ஏலக்காயைக் குறைத்தேன்.

"இன்னும் குறை. ஆரஞ்சுத் தோல் காய்ஞ்சது இருக்கு, அத இடிச்சுப் போடு."

போட்டேன். அவருக்குப் பிடித்துப்போயிற்று. மூக்குக்கு எனக்கும் நன்றாகவே இருந்தது. அந்த நேரம் ரொட்டி ஏற்ற வந்த இஸ்மாயில் பாயிடமும் ஒன்று கொடுத்தேன். மென்றார். "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார். வெயிலில் வந்தவர் என்று நினைத்தேன்.

புந்தோங்கில் முனியாண்டி அண்ணனின் மளிகைக் கடை அந்த வட்டாரத் தமிழர்களுக்கெல்லாம் பொதுவான இடம். தீபாவளிக்கு எது விற்கும் என்று அவர் கடைமேசையில்தான் முடிவாகும். அவர் ஒரு தட்டு மாதிரியை வைக்க ஒப்புக்கொண்டார். வருகிறவர்கள் தின்று பார்த்துச் சொல்லட்டும், பிடித்தால் தீபாவளிக்கு ஆர்டர் தருவேன் என்றார். நான் எதிர்க் காப்பிக்கடையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஓர் அம்மா பிஸ்கட்டை எடுத்தார். மூக்கருகில் கொண்டுபோனார். ஏதோ கேட்டார். முனியாண்டி அண்ணன் தலையாட்டினார். அந்த அம்மா பிஸ்கட்டைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார். அடுத்து வந்தவரும் அப்படியே. அதற்கடுத்து வந்தவர் எடுக்கவே இல்லை, கேட்டுவிட்டுத் தள்ளி நின்றார். என் காப்பி ஆறி ஆடை படிந்தது. தட்டு மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது.

மாலையில் முனியாண்டி அண்ணன் தட்டைத் திருப்பித் தந்தார். "ஏம்பா, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? புரட்டாசி மாசத்துல முட்டை பிஸ்கட்டக் கொண்டாந்து வைக்கிறியே! தவுக்கே சீனரு, அவருக்குத் தெரியாது. நீ நாமம் போட்டுக்கிட்டு விரதம் இருக்குற ஆளு!"

பிஸ்கட்டைத் தின்னும் நாளைத்தான் நினைத்திருந்தேன். எதை வாங்குவது என்று அவர்கள் தீர்மானிக்கும் நாள் புரட்டாசியில் வருகிறது என்று எனக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தட்டிலிருந்த பிஸ்கட்டுகளை ஒரு டின்னில் போட்டு இறுக மூடிப் பரண்மேல் வைத்தேன். விரதம் முடிந்த பிறகு தின்னலாம், வீணாக்க மனமில்லை. சரோஜா நடந்ததைக் கேட்டாள். முட்டை இல்லாமல் பிஸ்கட் பிடித்து நிற்காது, உதிர்ந்துவிடும், நெய்யும் மாவும் மட்டும் போட்டுச் செய்யும் பிஸ்கட்டை எல்லா வீட்டிலும் அவரவரே செய்கிறார்கள், அதைக் கடையில் யார் வாங்குவார்கள் என்று புலம்பினேன். அவள் அப்போது தீபாவளிக்குப் பாசிப்பயறு வறுத்துக்கொண்டிருந்தாள். வாணலியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்:

"நெய் உருண்டைக்கு யாருங்க முட்டை போடுறாங்க? அது பிடிச்சு நிக்கலையா?"

எனக்குப் பொறி தட்டிய இடம் அது. வறுத்த பயற்று மாவு, சர்க்கரைப் பொடி, ஏலக்காய். சுடச்சுட நெய்யை ஊற்றி உள்ளங்கை எரிய எரிய அழுத்திப் பிடிப்பார்கள். தீபாவளிக்கு நெய் உருண்டை இல்லாத தமிழர் வீடு இங்கே கிடையாது. ஆனால் அதை யாரும் அடுப்பில் வைத்துச் சுட்டதில்லை.

சுலபமாக வரவில்லை. பயற்று மாவை மட்டும் போட்டுச் சுட்டபோது தட்டில் மணல் குவியல் மாதிரி சரிந்தது. ஒட்டுவதற்கு வாழைப்பழம் பிசைந்து போட்டேன், பிஸ்கட் பணியாரமாகிவிட்டது. ஜவ்வரிசிக் கஞ்சி விட்டேன், ரப்பர்க் கொட்டை மாதிரி கெட்டியானது. தேங்காய்ப் பால் விட்டது ருசியாக இருந்தது, நாலு நாளில் காறல் அடித்தது. தீபாவளி பிஸ்கட் விருந்தாளிகள் வந்து ஓயும்வரை போத்தலில் நிற்க வேண்டும். கடைசியில் கோதுமை மாவையும் சரிபாதி சேர்த்து, நெய்யைக் கொதிக்கக் காய்ச்சி ஊற்றி, அகப்பையால் கிளறிக் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் சரோஜாவைக் கூப்பிட்டேன். அவள் உருட்டவில்லை. நெய் உருண்டைக்குச் செய்வது போலவே விரல்களை மடக்கி அழுத்தினாள். அந்த அழுத்தத்தில்தான் விஷயம் இருந்தது. அழுத்திய பின் நன்றாக ஆறவிட்டு, நெய் இறுகிய பிறகு மெல்லிய சூட்டில் சுட்டு, தட்டு குளிரும்வரை தொடாமல் விட்டால் பிடித்து நின்றது. இந்த முறை என் நாக்காலேயே ருசி பார்த்தேன். அது என்ன நிம்மதி! கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தவனுக்குக் கட்டை அவிழ்த்த மாதிரி இருந்தது.

கூடத்தில் அத்தனை பிஸ்கட்டையும் கையால் அழுத்த முடியாது. தவுக்கேயிடம் ஒன்றைக் கொடுத்தேன். காதருகில் உடைத்தார். வாயில் போட்டார். அவர் முகம் மாறியது.

"இது எனக்குத் தெரியும் டி! எங்க ஆளு பயறு கேக் செய்யும். செத்துப்போனவங்களுக்கு வைப்போம்."

"அலாமாக்! தவுக்கே, இத வெளிய சொல்லிடாதீங்க" என்றேன். பிறகு யோசித்தேன். "நாங்களும் தீபாவளிக்கு முதல் நாள் இறந்தவங்களுக்குப் படையல் வைப்போம், தவுக்கே."

"அப்போ என்னா பயம்? அவங்க ருசி பார்த்துச் சொல்லட்டும்" என்றபடி உள்ளே போனார். பழைய அலமாரியிலிருந்து கைப்பிடி போட்ட ஒரு மர அச்சைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா வைத்திருந்தது. மாவை அதில் அமுக்கி மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அழகாக விழும். சரோஜாவின் விரல்கள் கொடுத்த அழுத்தத்தை அது கொடுத்தது. ஒரே ஒரு சங்கடம். அந்த அச்சு மீன் உருவம். செதில், வால், கண் எல்லாம் அச்சாக வந்தன. வேறு அச்சு இல்லை. செய்ய நேரமும் இல்லை.

முனியாண்டி அண்ணன் முன்பே எச்சரித்திருந்தார்: "இந்தத் தடவை தட்டெல்லாம் வைக்க மாட்டேன். லெட்சுமி அக்கா தின்னா எல்லாரும் வாங்குவாங்க. அவங்க தின்னலன்னா நானே வாங்க மாட்டேன்."

லெட்சுமி அக்கா புந்தோங்கில் எங்கள் வீட்டு வரிசைப் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. அவர்கள் சேர்ந்துதான் தீபாவளிச் சாமான் வாங்குவார்கள். புரட்டாசியில் வெளியே காப்பித் தண்ணிகூடக் குடிக்காதவர். ஆகவே முட்டை தொட்ட பாத்திரம் எதுவும் கூடாது என்று தகரக்காரரிடம் புதுத் தட்டுகள் வாங்கினேன். மற்றவற்றோடு கலந்துவிடாமலிருக்கக் கோயிலில் கொடுத்த மஞ்சள் துணியைக் கிழித்து ஒவ்வொன்றிலும் கட்டினேன், அடுப்பில் வைக்கும்போது மட்டும் அவிழ்ப்பேன். மாவு பிசையும் குண்டானை வீட்டிலிருந்து கொண்டுபோனேன்.

சனிக்கிழமை கோயிலிலிருந்து நேராக அக்கா கூடத்துக்கே வந்துவிட்டார். நெற்றியில் நாமம், கையில் துளசி. முனியாண்டி அண்ணன் பின்னால் வந்தார். பின்வாசலில் இஸ்மாயில் பாய் வண்டியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்.

"முட்டையெல்லாம் எங்க வச்சிருக்கே?" என்றார் அக்கா.

நான் கை காட்டினேன். கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தது.

"அடுப்பு ஒன்னுதானே? பன்னு மேல முட்டை தடவித்தானே உள்ள வைக்கிறே?"

"ஆமாக்கா. அது வேற தட்டு. பன்னு வெளிய வந்தப்பறம் தரைய ரெண்டு தடவை ஈரச் சாக்கால துடைச்சுட்டு, கொஞ்சம் கட்டை போட்டு மறுபடி எரிச்சு, தணலை வாரிட்டு..."

"தம்பி, என்னைப் பார்த்துப் பேசு. மாவு மூட்டையா கேள்வி கேட்டுச்சு?"

இஸ்மாயில் பாய் சிரித்துவிட்டார். நான் அக்காவைப் பார்த்து முழுவதையும் மறுபடி சொன்னேன். மஞ்சள் துணியைத் தொட்டுப் பார்த்தார். குண்டானை முகர்ந்து பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. பிறகு தட்டிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தார்.

"என்னாடா இது? மீனா? பெருமாள் மாசத்துல எனக்கு மீனைத் தின்னக் கொடுக்கிறியா?"

முனியாண்டி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். தவுக்கே மாவு மேசையில் கையை ஊன்றி நின்றார். கமுந்திங் ஆள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவது என் கண்ணுக்குத் தெரிந்தது. எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, என் வாய் தானாகத் திறந்தது.

"பெருமாள் முதல்ல எடுத்த அவதாரமே மச்சாவதாரந்தானே அக்கா."

அக்கா என்னையே பார்த்தார். உதட்டோரம் துடித்தது.

"பேசவே தெரியாதுன்னு சொன்னாங்க இவன!" என்று முனியாண்டி அண்ணனிடம் சொன்னார். பிறகு கண்ணை மூடி, "கோவிந்தா" என்று சொல்லிவிட்டு மீனின் வாலைக் கடித்தார்.

அந்தச் சத்தம் கூடத்துக் கோடி வரை கேட்டது. தவுக்கே காதை அந்தப் பக்கம் சாய்த்திருந்தார்.

"பேசுது" என்றார்.

அக்கா மென்றார். தலை வரை மீதியையும் தின்றார். விரலில் ஒட்டிய பொடியையும் விடவில்லை. "ஏலக்கா இன்னும் கொஞ்சம் தூக்கலா போடு. நெய் சரியா இருக்கு. எங்க வரிசைக்கு மொத்தமா வேணும், முனியாண்டி, நீ சொல்லி வச்சுடு" என்று சொல்லிவிட்டு, இன்னொரு மீனைத் துளசியோடு சேர்த்துத் துணியில் முடிந்துகொண்டு போனார்.

அவர் போன பிறகு தவுக்கே என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீ அவகிட்ட என்னா சொன்ன டி? அவதாரம்னா என்னா?" பெருமாள் மீனாக வந்த கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "உங்க சாமி நல்ல வியாபாரி டி" என்றார். பிறகு மர அச்சைத் துடைத்து என் கையில் வைத்தார். "நாளைக்கு நீ நெருப்பு பார்க்காதே."

அவ்வளவுதான். நெருப்புக்கு வேறு ஆள் வந்தார். என் இருமலைப் பார்த்த தவுக்கே புகைபோக்கியையும் உயர்த்திக் கட்டினார். கமுந்திங் பேக்கருக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். ஓய்வு பெறும்வரை அந்த மேசையில்தான் நின்றேன். அதன் பிறகு சுக்கு பிஸ்கட், குலா மெலாக்கா பிஸ்கட் என்று எத்தனையோ செய்தேன். எல்லாவற்றிலும் முதலிடம் மீனுக்குத்தான். மலாய்க்காரர்களும் சீனர்களும் தீபாவளி விருந்தில் தமிழர் வீடுகளில் தின்றுவிட்டுக் கடையில் வந்து கேட்பார்கள். முனியாண்டி அண்ணன் கடையில் 'சைவ மீன் வந்தாச்சு' என்று அட்டையில் எழுதித் தொங்கவிடுவார்.

ஆகவே கலா, தட்டுகள் ஏன் தொங்குகின்றன என்று முதலாளி கேட்டால் இதைக் கொடு. புட்டியில் வரும் வாசனையை நான் குறை சொல்லவில்லை. நான் டுரியானையே போட்டவன். ஆனால் புரட்டாசியில் ருசி பார்க்க முடியாத பிஸ்கட்டை ஐப்பசியில் யாரும் வாங்க மாட்டார்கள். தட்டுகள் அங்கேயே தொங்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். அந்த வருடம் விரதம் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறி சமைத்துச் சாப்பிட்ட பிறகு, பரண்மேல் வைத்த டின் நினைவுக்கு வந்தது. அந்த முதல் முட்டை பிஸ்கட். இறக்கித் திறந்தேன். வாசனை நன்றாகவே இருந்தது. நானும் சரோஜாவும் ஆளுக்கொன்று கடித்தோம்.

கசப்பு. ஆரஞ்சுத் தோலின் கசப்பு அடித்தொண்டை வரை இறங்கியது. மூக்குக்குக் கசப்புத் தெரியாது. தவுக்கேக்கு அந்தக் கசப்பு சீனச் சமையலில் சின்ன வயதிலிருந்தே பழக்கம். இஸ்மாயில் பாய் ஏன் தண்ணீர் கேட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. முனியாண்டி அண்ணன் கடையில் அன்று ஒரே ஓர் அம்மா இதைத் தின்றிருந்தாலும் என் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சரோஜா இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு டின்னை மூடினாள்.

"பெருமாளுக்கு அப்புறமா நன்றி சொல்லிக்கலாங்க. முதல்ல அந்த முட்டைக்கு ஒரு கும்பிடு போடுங்க."